ஆமைக்கு ஓர் உரையாசிரியர்

எந்த ஊரிலும் எந்தச் சுற்றுலாப் படகிலும் வழிகாட்டிகள் இரண்டு பேர் இருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? ஒருவர் நிறுவனத்தின் நீலச் சட்டை போட்டிருப்பார். அவருக்குச் சம்பளம் உண்டு. இன்னொருவர் உங்களையும் என்னையும் போல டிக்கெட் எடுத்து ஏறியவர். அவரை யாரும் நியமிக்கவில்லை. அதனாலேயே யாராலும் பதவி நீக்கவும் முடியாது. முதலாமவர் படகு கரைக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்வார். இரண்டாமவர் உங்களோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் வருவார்.

இந்த இரண்டாவது இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் உரையாசிரியர். மூலம் என்று ஒன்று கண்ணெதிரே இருக்கும்போது அதை நாம் பாட்டுக்கு நேராகப் பார்த்துவிடக் கூடாது, முதலில் பதவுரை, அப்புறம் பொழிப்புரை, அதன் பிறகு விசேஷக் குறிப்பு, எல்லாம் முடிந்தும் மூலம் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தால் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம் என்பது இவருடைய கொள்கை. லிஃப்டில் உங்களோடு ஏறினால், லிஃப்ட் எப்படி மேலே போகிறது என்று மூன்றாவது மாடிக்குள் சொல்லி முடிப்பார். மருத்துவமனையில் உங்கள் எக்ஸ்ரேயை உங்கள் கையிலிருந்தே வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். தெருவில் பள்ளம் தோண்டினால் நின்று, எதற்காகத் தோண்டுகிறார்கள் என்பதைத் தோண்டுகிறவர்களுக்கே விளக்குவார். கெட்டவரா? சத்தியமாக இல்லை. தங்கமான மனிதர். உங்கள் பெட்டியைத் தூக்கி மேலே வைப்பார், நீங்கள் இருமினால் தன் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பார். மாத்திரையோடு அது தொண்டையில் இறங்கி என்ன செய்யும் என்பதையும் சேர்த்துக் கொடுப்பார்.

போன மாதம் கடலாமை பார்க்கப் போயிருந்தேன். படகில் ஏறிக் கொஞ்ச தூரம் கடலுக்குள் போய், முகத்தில் கண்ணாடியை மாட்டி, வாயில் ஒரு வளைந்த குழாயைக் கவ்விக்கொண்டு, தண்ணீரின் மேல் குப்புற மிதந்தபடி கீழே மேய்கிற ஆமைகளைப் பார்ப்பது. மொத்தம் பன்னிரண்டு பேர். படகுத்துறை அலுவலகம் ஒரே ஓர் அறை. ஒரு பக்கம் கம்பியில் ஈரமான லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம் முகக் கண்ணாடிகளை ஊறப்போட்ட பிளாஸ்டிக் தொட்டி. ரப்பரும் மருந்துத் தண்ணீரும் கலந்த வாடை. நடுவில் ஒரு மேசை, நூலில் கட்டிய பேனா, ஒரு படிவம். படிவத்தில் இருந்ததே நான்கு கேள்விகள்: பெயர், வயது, இதய நோய் உண்டா, நீந்தத் தெரியுமா. ஆனால் வரிசை நகரவே இல்லை.

எட்டிப் பார்த்தேன். முன்னால் ஒருவர், ஐம்பத்தெட்டு வயதிருக்கும், அன்றுதான் வாங்கிய வெள்ளைத் தொப்பியோடு நின்று, இதய நோய்க் கேள்வி வயதுக் கேள்விக்கு முன்னால் வந்திருக்க வேண்டும் என்று மேசை ஊழியரிடம் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊழியர் இதைப் பல வருடமாகக் கேட்டு வருகிறவர் போல, கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றார். போட்டார். கையெழுத்தின் பாதியில் நிறுத்தி என் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்ல சார், விஷயம் என்னன்னா…" என்று ஆரம்பித்தார். ஆளை அந்த இடத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன். பறவை பார்க்கிறவர்களுக்குப் பறவை கண்ணில் பட வேண்டியதில்லை, குரல் கேட்டால் போதும் அல்லவா?

மாடிக் கட்டடங்களுக்குக் குடிநீர்க் குழாய் பதிக்கும் ஒரு கம்பெனியில் அவர் மேற்பார்வையாளர். தண்ணீரோடு முப்பது வருடம் பழகியவர் என்பதை என்னிடம் ஒரு முறையும், எனக்குப் பின்னால் நின்ற புதுமணத் தம்பதியிடம் ஒரு முறையும் சொன்னார். கடலும் ஒரு வகையில் தண்ணீர்தானே? அந்த உரிமையில் கண்ணாடித் தொட்டிக்குப் போய், யாருக்கு எந்த அளவு சரியாக இருக்கும் என்று எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். எனக்கு அவர் எடுத்துக் கொடுத்தது என் மூக்கைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பொருந்தியது.

அவருக்கு இரண்டடி பின்னால், இரண்டு துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவருடைய மனைவி நின்றார். உரையாசிரியரின் மனைவி எப்படி இருப்பார்? பேச மாட்டார். பேசத் தெரியாமல் இல்லை. இடம் கிடைக்காமல்.

படகில் அந்த அம்மாள் என் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தார். உரையாசிரியர் படகோட்டியிடம் போய் எஞ்சினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில், பத்து வருடத்துக்குச் சேர்த்துவைத்ததைப் போல அவர் என்னிடம் பேசினார். ஒரு கண் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் கவுண்டரில் இருபத்தாறு வருடமாக வேலை. கவுண்டருக்கு நேர் எதிர்ச் சுவரில் சட்டம் போட்ட ஒரு பெரிய படம்: ஒரு கடலாமை, பக்கவாட்டில், ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது. நோயாளிகள் வருவார்கள், போவார்கள், டாக்டர்கள் மாறுவார்கள், சுவருக்கு வேறு வண்ணம் அடிப்பார்கள். ஆமை மட்டும் அங்கேயே இருந்து இவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் நாமும் போய் அதைப் பார்த்துவிட்டு வருவதுதான் மரியாதை என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்காக ஐம்பத்தொரு வயதில், நகராட்சி நீச்சல் குளத்தில் காலை நேரப் பெண்கள் வகுப்பில் நான்கு மாதம் நீந்தக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

"அந்த ஒரு மணி நேரம் ஆம்பளைங்க உள்ள வரக்கூடாதுங்க. அதனாலதான் கத்துக்க முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு எஞ்சின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க போனாலும் நான் பாக்கிறதுக்குள்ள இவர் சொல்லி முடிச்சிடுவாருங்க. குத்தம் சொல்லல. பாசத்துலதான் சொல்றார். ஆனா இது ஒண்ணை மட்டும் நானா பாக்கணும்."

ஆமையைப் பார்க்க வந்தவன் நான். அந்த நிமிடத்திலிருந்து இந்த அம்மாள் ஆமையைப் பார்க்க வேண்டுமே என்பதுதான் எனக்குக் கவலையாகிவிட்டது.

நீலச் சட்டைக்கார வழிகாட்டி ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும், வெயிலில் கறுத்த முகம், பேச்சில் சிக்கனம். படகு நின்றதும் விதிகளைச் சொன்னார். ஆமை அடியில் புல் மேய்ந்துகொண்டிருக்கும்; மூச்சு விட மேலே வந்தே தீரும். அது ஏறி வருவதைப் பார்த்ததும் அவர் கையை உயர்த்துவார். உயர்த்தினால் யாரும் கால் அடிக்கக் கூடாது, கிட்டே போகக் கூடாது, தொடக் கூடாது, சத்தம் போடக் கூடாது. மூன்று ஆள் நீளம் தள்ளி அப்படியே மிதக்க வேண்டும். மிரண்டால் வேறு பக்கம் போய்விடும், துரத்திப் பயனில்லை. தண்ணீரில் ஒரு மணி நேரம். அதற்குள் இரண்டு முறையோ மூன்று முறையோ வாய்க்கும்.

இத்தனைக்கும் உரையாசிரியர் உரை எழுதிக்கொண்டே வந்தார். வழிகாட்டி ஒரு வாக்கியம் சொன்னால், அது முடிகிற இடத்தில் இவர் திரும்பி எங்களுக்கு அதையே இரண்டு வாக்கியமாகச் சொன்னார். கடலாமைக்கு ஆபத்து வந்தால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும், அதனால்தான் சத்தம் போடக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

"கடலாமைக்குத் தலைய உள்ள இழுக்க முடியாதுங்க சார்" என்றார் வழிகாட்டி.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் உரையாசிரியர், இமைகூட அசையாமல்.

இந்த இனத்தின் உச்சகட்டத் திறமை இதுதான். இவர்களைத் திருத்தவே முடியாது. நீங்கள் திருத்தி முடிப்பதற்குள் அவர்கள் உங்கள் கட்சிக்கு வந்து, அங்கே தலைவராகவும் ஆகியிருப்பார்கள்.

தண்ணீரில் இறங்கினோம். இங்கேதான் இயற்கை ஒரு வேலை செய்தது. இயற்கை என்ன, அந்தக் குழாயைக் கண்டுபிடித்த புண்ணியவான் செய்த வேலை. அதைப் பல்லால் கவ்வி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டால்தான் மூச்சு விடலாம். வாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். உங்களுக்கும் எனக்கும் அது ஒரு சின்ன அசௌகரியம். முப்பது வருடமாக வாய் மூடாமல் வாழ்ந்த ஒரு மனிதருக்கு அது எப்பேர்ப்பட்ட சித்திரவதை என்று யோசித்துப் பாருங்கள். கீழே மஞ்சள் மீன் ஒன்று போகிறது, சொல்ல வேண்டும். பவளப் பாறை தெரிகிறது. கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்வதானால் தலையைத் தூக்கி, குழாயைத் துப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பக்கத்தில் மிதப்பவரின் தோளைத் தட்டி, அவரையும் தலை தூக்க வைத்து, அவர் காதிலிருந்து தண்ணீர் வடிகிற வரைக்கும் காத்திருந்து சொல்ல வேண்டும். சொன்னார். ஒவ்வொன்றையும் சொன்னார். மனிதர் கடலுக்குள் இறங்கினார் என்பதற்கு அவருடைய கழுத்துக்குக் கீழே மட்டும்தான் சாட்சி இருந்தது. கடல் முழுக்க அவருக்குத் தெரிந்ததே தவிர, அதில் ஒரு முழ ஆழத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

முதல் ஆமை வந்தது. வழிகாட்டியின் கை உயர்ந்தது. எல்லோரும் கட்டை போலக் கிடந்தோம். உரையாசிரியர் மட்டும் நிமிர்ந்து, மனைவியின் கையைப் பிடித்து மேலே இழுத்து, "கீழ பாரு, கீழ பாரு, அவசரப்படாத, முதல்ல ஓட்டப் பாரு" என்றார். அந்த அம்மாள் இருமி, குழாயிலிருந்த தண்ணீரை ஊதி, மறுபடியும் முகத்தைக் கீழே கவிழ்த்தபோது அங்கே மணல் மட்டும் இருந்தது.

இரண்டாவது ஆமைக்கு அவர் இழுக்கவில்லை. மனைவி முதல் ஆமையைத் தவறவிட்டதற்குக் காரணம் கண்ணாடியின் பட்டை தளர்ந்திருப்பதுதான் என்று கண்டுபிடித்து, சரியாகக் கை உயர்ந்த அந்த நிமிடத்தில், பாசத்தோடு, அவர் தலைக்குப் பின்னால் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஆமை வந்து மூச்சு விட்டுப் போன சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கண்ணாடிக்குள் அந்த அம்மாளின் கண்களைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். அவர் படகில் விட்டு வந்த வெள்ளைத் தொப்பியை எடுத்துக் கடலில் எறிய வேண்டும் போல இருந்தது. இன்னும் இருபது நிமிடம்தான் பாக்கி.

அப்போதுதான் வழிகாட்டி நீந்தி அவர் அருகில் வந்தார். ரகசியம் போலச் சொன்னார்: "சார், உங்களால ஒரு உதவி ஆகணும். அனுபவம் உள்ளவங்கதான் செய்ய முடியும்." படகிலிருந்து நாற்பதடி தள்ளி ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய மிதவை ஆடிக்கொண்டிருந்தது. அதை யாராவது பொறுப்பாகப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கமிருந்து வேறு படகு வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வந்தால் கை காட்ட வேண்டுமாம். உரையாசிரியரின் முகத்தில் அப்போது தோன்றிய வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. பிறந்ததிலிருந்து இந்த அழைப்புக்காகத்தான் காத்திருந்தது போல நீந்திப் போய் மிதவையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டியபடி, வெறும் கடலைக் கண்காணிக்க ஆரம்பித்தார்.

படகின் விளிம்பில் சாய்ந்திருந்த படகோட்டி, "மிதவைக்கு ஆள் போயாச்சா? இன்னைக்குக் கொஞ்சம் லேட்டு" என்றார் வழிகாட்டியிடம். அந்த மிதவைக்கு அடியில் நங்கூரம் இருக்கிறது, அதை யாரும் பிடிக்க வேண்டியதில்லை, அந்தப் பக்கம் படகு எதுவும் வருவதும் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு பயணத்திலும் இப்படி ஒருவர் வருவாராம். இரண்டு பேர் வரும் நாளுக்காக இன்னொரு மிதவையும் வாங்கிப் படகில் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது ஆமை வந்தது.

பெரிய ஆமை. அடியில் புல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது, ஏதோ நினைவு வந்தது போல நிறுத்திவிட்டு, முன் துடுப்புகளை மெல்ல விரித்து ஏற ஆரம்பித்தது. கை உயர்ந்தது. அந்த அம்மாள், சொல்லிக்கொடுத்தபடி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு அசையாமல் மிதந்தார். மூன்று ஆள் நீளம் தள்ளி நிற்க வேண்டியது நம் கடமை. ஆமைக்கு அந்த விதி கிடையாது. அது அவரை நோக்கியே ஏறி வந்தது. அவருக்கு ஒரு கை தூரத்தில் தலையை வெளியே நீட்டி, கிழவர்கள் நாற்காலியில் உட்காரும்போது விடுவது போல ஒரு மூச்சு விட்டது. பிறகு உள்ளே இறங்கி, உடனே போகவில்லை. பக்கவாட்டில் திரும்பி ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவரும் பார்த்தார். பக்கத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று கணக்கிட எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்தது; கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

எல்லோரும் படகில் ஏறினோம். கடைசியாக ஏறியவர் உரையாசிரியர். மிதவையை ஒப்படைத்துவிட்டு, எந்தப் படகையும் உள்ளே விடவில்லை என்று வழிகாட்டிக்கு அறிக்கை தந்துவிட்டு, மனைவியின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா?"

படகில் இருந்த எல்லோருமே அந்த அம்மாளைப் பார்த்தோம். புதுமணப் பெண் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனாள். அம்மாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவள் பக்கம் லேசாகத் தலையை ஆட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"இல்லீங்க" என்றார் கணவரிடம். "கண்ணாடி மங்கிடுச்சு."

வழிகாட்டி குனிந்து, ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த கயிற்றை மறுபடியும் சுருட்ட ஆரம்பித்தார்.

"சே" என்றார் உரையாசிரியர். அவர் முகம் வாடிவிட்டது, அது நடிப்பில்லை. நெருங்கி உட்கார்ந்து, மனைவியின் ஈரத் தோளில் தன் துண்டையும் போர்த்தினார். "பரவால்ல, விடு. ஆமை எப்படி இருக்கும்னு நான் சொல்றேன்." கரை வருகிற வரைக்கும் சொன்னார். எப்படி ஏறும், எப்படி மூச்சு விடும், கண் எந்தப் பக்கம் இருக்கும், எல்லாம். அந்த அம்மாள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார். இரண்டு இடங்களில் "அப்படியா" என்றுகூடச் சொன்னார். துண்டுக்குப் பின்னால் அவர் உதடு என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

கோபம் போய் எனக்கு அந்த மனிதர் மேல் இரக்கம் வந்துவிட்டது. மனைவியின் வாழ்க்கையிலேயே பெரிய நாள் அது. நாற்பதடி தூரத்தில் இருந்தார். ஆனாலும் அவருக்கு அதில் பங்கில்லை. இனி என்றைக்கும் கிடைக்கப் போவதும் இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு நாள் நடந்ததே அவருக்குத் தெரியாது. படகுத்துறையில் இரண்டு பேருடைய பைகளையும் தானே தூக்கிக்கொண்டு, படி வழுக்கும் என்று மனைவியை எச்சரித்து, ஏன் வழுக்கும் என்றும் சொல்லிக்கொண்டு நடந்தார்.

இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு யாரோ ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். உங்கள் பெரியப்பா, அல்லது மேலதிகாரி, அல்லது மாடி வீட்டுக்காரர். அவரிடம் இதைப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். கொடுக்கும்போது முக்கியமான இடங்களை நீங்களே எடுத்துச் சொல்லலாம் என்றும் ஒரு யோசனை இருக்கும். நல்லது, செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒன்று மட்டும். உங்கள் மகள் பயணம் போய்விட்டு வருகிறாள், எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள், "ம், நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுகிறாளா? உங்கள் மனைவியோ கணவரோ ஜன்னல் பக்கம் நின்று எதையோ பார்த்துச் சிரிக்கிறார், என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறாரா? நான் என் வீட்டில் விசாரித்துப் பார்த்துவிட்டேன். "அப்படியெல்லாம் எதுவும் இல்லையே" என்ற பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது.

உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருங்கள். உங்களால் முடிந்தால்.